பாப்பாவுக்குப் பக்கத்து இடம்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் குழியைத் தானம் செய்துவிட்டார் என் வீட்டுக்காரர். ஆட்டைத் தானம் கொடுப்பார்கள், மாட்டைக் கொடுப்பார்கள். பெண்டாட்டியைப் புதைக்க வைத்திருந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்த மனுசனை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அதுவும் சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில், அத்தனை சனத்துக்கும் முன்னால்.

அவர் பெயர் ஈசாக்கு. நெருப்பெரிச்சல் போகிற வழியில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். நான் அன்னபாக்கியம். அதே கம்பெனியில் பிசிர் வெட்டுவேன். தைத்து வருகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் கத்தரித்து விடுகிற வேலை. குடியிருந்தது வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில். இந்தச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் படம் விழும், அப்படி ஒட்டி ஒட்டி வீடு.

அன்றைக்குப் போதகர் ஐயா அறிவிப்புகளை வாசித்து முடித்ததும் இவர் எழுந்து நின்றார்.

"சபையாருக்கு ஒரு சாட்சி சொல்றனுங்க. கர்த்தர் வர்ற நாள் நெருங்கிருச்சுங்க. நானும் என்ற ஊட்டுக்காரியும் சாகறதுக்கு முன்னாலயே அவரு வந்து எங்களை உசுரோட எடுத்துக்குவாருங்க. அதனால எங்களுக்குக் குழி தேவைப்படாதுங்க. எங்க பாப்பா பக்கத்துல ஒதுக்கி வெச்சிருக்கற எடத்த, தேவைப்படறவங்க ஆருக்காச்சும் குடுத்துருங்க."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து, "அது என்ற எடமுங்க" என்று கத்தியிருப்பேன். ஆனால் எங்கள் சர்ச்சில் பெண்பிள்ளைகள் பாட்டுக்குத்தான் வாய் திறப்பது வழக்கம். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதகர் ஐயாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த பாட்டைச் சொன்னார்.

எங்கள் பாப்பா கிருபா, அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கக்குவான் இருமலில் போய்விட்டாள். மூன்று மாசக் குழந்தை. எங்கள் கல்லறைத் தோட்டம் ரொம்பச் சின்னது. கைக்குழந்தை போய்விட்டால் அதன் பக்கத்தில் ஓர் ஆள் இடத்தைத் தாய்க்கென்று விட்டுவைப்பது எங்கள் சபை வழக்கம். நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டு, ஈஸ்டருக்கு ஈஸ்டர் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வந்தால் போதும், யாரும் கிட்ட வரமாட்டார்கள். பாப்பாவுக்கு ஒரு பக்கம் மதில். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் யார் யாருடையதோ பழைய கல்லறைகள். மிச்சம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதைத்தான் இந்த மகராசன் வாரிக் கொடுத்தது.

இவருக்கு எப்படி இந்தக் கிறுக்குப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் எல்லாமே தலைகீழாக இருந்தது. எலெக்‌ஷனில் பழைய ஆட்சி போயிருந்தது. அரிசிக்கு வரிசையில் நின்று கால் வீங்கியது. வைகாசிக் கடைசியில் யூதர்களுக்கும் அரபிகளுக்கும் சண்டை வந்து, எருசலேம் யூதர் கைக்குப் போய்விட்டது என்று டீக்கடை பேப்பரில் படித்தார்கள். அந்த வாரமே தெற்கத்திப் பக்கத்திலிருந்து சகோதரர் தங்கையா என்பவர் வந்து, வேலம்பாளையம் கடைசியில் கூடாரம் போட்டார். பஞ்சம் வந்தாச்சு, யுத்தம் வந்தாச்சு, எருசலேமும் திரும்பக் கிடைச்சாச்சு, இனி கர்த்தர் வருகிறபோது ஊதுகிற எக்காளச் சத்தம் ஒன்றுதான் பாக்கி என்று மைக்கில் முழங்கினார். இவர் முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போனார். ஒரு வாரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார்.

அதோடு விட்டதா? எங்கள் லைனில் இருந்த நாலு கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் மூன்று கட்சி ஆகிப்போனது. கர்த்தர் இரகசியமாக வந்து தம்முடையவர்களை முதலில் எடுத்துக்கொள்வார், ஏழு வருஷ உபத்திரவமும் அவருடைய ஆயிரம் வருஷ ஆட்சியும் அப்புறம்தான் என்பது தங்கையா கட்சி. இல்லை, உபத்திரவத்தை நாமும் பட்டுத்தான் தீர வேண்டும், அதற்குப் பின்னால்தான் வருவார் என்பது அவருக்கு மிருதங்கம் தட்டிய பழனிமுத்துவின் கட்சி. இந்த வரிசையெல்லாம் கிடையவே கிடையாது என்பது எங்கள் போதகர் ஐயா கட்சி. தண்ணிக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இதைப் பேசித் தீர்ப்பார்கள். தண்ணீர் நின்றுபோகும், பேச்சு நிற்காது.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எனக்குக் கொள்ளை வேலை இருந்தது. ஆனால் அவர் சாட்சி சொன்னதற்கு முந்தின வாரம், சோறு தின்றுகொண்டே எனக்கு அந்த வரிசையை விளக்கினார்.

"மொதல்ல கர்த்தருக்குள்ள செத்தவங்க குழியிலிருந்து எந்திரிப்பாங்க. அதுக்குப் பொறவுதான் உசுரோட இருக்கற நாம. மேகத்துல போயி எல்லாரும் சேந்துக்குவோம்."

"அப்ப பாப்பா நமக்கு முன்னாலயே எந்திரிச்சுருமுங்களா?"

"ஆமா. மொதல்ல அவதான்."

"எந்திரிச்சா ஆருங்க தூக்குவாங்க?"

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். நான் வம்புக்குக் கேட்கவில்லை. மூன்று மாசக் குழந்தை தானாக எழுந்து எங்கே போகும்? மண் விலகும், வெளிச்சம் அடிக்கும், எக்காளம் ஊதும், சுற்றிலும் பெரியவர்கள் எழுந்து அவரவர் பாட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டு போவார்கள். என் பிள்ளை மல்லாந்து கிடந்து கையைக் காலை உதைத்துக்கொண்டு அழும். நான் பக்கத்தில் படுத்திருந்தால் கண் விழித்ததும் முதலில் அவளைத்தான் அள்ளுவேன். அதற்குத்தான் அந்த இடம். அதை யோசித்த நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் கண் மூடவில்லை. அடுத்த ஞாயிறே இவர் இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

சர்ச் கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தை எங்கள் லைனிலேயே, எங்களுக்கு அடுத்த வீட்டிலிருந்த நஞ்சம்மாளுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். நஞ்சம்மாக்காவுக்கு அறுபது வயசிருக்கும். காங்கேயம் பக்கத்துக்காரர். புருசன் செத்த பிறகு எங்கள் சபையில் சேர்ந்தவர், அதனால் ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் வாசப்படி மிதிப்பதில்லை. பிள்ளையும் கிடையாது. கம்பெனியில் கழிவுப் பஞ்சு பொறுக்கிப் பொறுக்கி நெஞ்சு கெட்டு, அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதாவது, குழி சீக்கிரமே தேவைப்படும்.

கம்பெனியில் என் கை ஒரு நிலையில் இல்லை. நூலை வெட்டப் போய்த் துணியை வெட்டினேன். சூப்பர்வைசர் ஞானசம்பந்தம் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, இதென்னங்க, காத்தோட்டத்துக்குங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கத்தரியை வைத்துவிட்டு லீவு சொல்லிவிட்டு நேராகப் போதகர் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனுசன்தான். என் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார்.

"பாக்கியம், அந்த ஆயிரம் வருஷம், ஏழு வருஷம் எல்லாம் விரல்விட்டு எண்றதுக்குச் சொன்னதில்லம்மா. கர்த்தர் இப்பவே ஆண்டுட்டுத்தான் இருக்கார். கடைசி நாள்னா ஒரே நாள், ஒரே நொடி. முதல்ல இவங்க, அடுத்தது அவங்கன்னு வரிசையில நிக்கறது ரேஷன் கடையிலதான். எழுந்திரிக்கறப்ப எல்லாருக்கும் பூரணமான சரீரம். குழந்தை குழந்தையா இருக்காது."

"பொறவு எப்படிங்க இருக்கும்?"

"அது நமக்குச் சொல்லப்படலம்மா."

"பெரிய புள்ளையா எந்திரிச்சா எனக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்? நான் பாத்தது மூணு மாசந்தானுங்களே."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் இடத்தைத் திருப்பிக் கேட்டபோது மட்டும் குரல் மாறிவிட்டது. கொடுத்தது கொடுத்ததுதான், கமிட்டியில் முடிவாகிவிட்டது, நஞ்சம்மாளாகப் பார்த்து வேண்டாம் என்றால்தான் உண்டு என்றார்.

"குடும்பத் தலைவர் எழுந்து சொன்னதும்மா."

"பெத்தது நானுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து கூடாரத்துக்கு நடந்தேன். வெயிலில் செருப்பு தார் ரோட்டில் ஒட்டியது. உள்ளே தங்கையாவும் பழனிமுத்துவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கியது. ஆதாம் முதல் கடைசி நாள் வரைக்கும் வட்டம் வட்டமாக வரைந்திருந்தது. படம் வரைந்த துணி என் வீட்டுக்காரர் கம்பெனியில் கேட்டு வாங்கிக் கொடுத்த பனியன் துணி. பனியன் துணியை இழுத்துக் கட்டித் தொங்கவிடக் கூடாது, அதுவும் நனையவே விடக்கூடாது என்று தெற்கத்தி மனுசனுக்கு யார் சொல்வது? ரெண்டு மழைக்கு அது தொங்கித் தொய்ந்து, ஏழு வருஷ உபத்திரவத்தின் வட்டம் ஆயிரம் வருஷத்து வட்டத்தைவிட நீளமாகிப் போயிருந்தது.

"உங்க உபத்திரவம் தொய்ஞ்சு போச்சுங்க" என்றேன். அந்த ஆத்திரத்திலும் அது வாயில் வந்துவிட்டது. தங்கையா திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"கலங்காதீங்கம்மா. சின்னப் பிள்ளையள தூதர்மார் ஏந்திக்கிடுவாங்க, பாத்துக்கிடுங்க."

"என்ற புள்ள தூதருங்களப் பாத்ததே இல்லீங்களே. புது ஆளு தூக்குனா வீல்வீல்னு கத்துமுங்க."

"பரலோகத்துல அழுகையே கெடையாதும்மா."

"போற வழியிலயுமா கெடையாதுங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பழனிமுத்து குறுக்கே விழுந்தான். "அண்ணா, அதெல்லாம் உபத்திரவம் முடிஞ்ச பொறவுதானுங்க. அந்தம்மாவுக்கு வரிசையச் சரியாச் சொல்லுங்க." அவ்வளவுதான். இரண்டு பேரும் வேதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நீ அந்த அதிகாரத்தைப் பார், நீ இந்த அதிகாரத்தைப் பார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிற்பதே மறந்துபோனது. உபத்திரவத்துக்கு முன்னால் எழுந்தாலும் சரி, பின்னால் எழுந்தாலும் சரி, என் பிள்ளையைத் தூக்க ஆளில்லை.

சாயங்காலம் அவர் வந்து கையில் மிஷின் எண்ணெயைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொம்பைத் தரையில் டங்கென்று வைத்தேன்.

"ஏனுங்க, நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க. நெசமாலுமே நீங்க சாக மாட்டீங்களா?"

"விசுவாசிக்கறேன்."

"உங்க விசுவாசத்துக்கு என்ற குழிதான் கெடச்சுதுங்களா? உங்குளுது வேணும்னா குடுத்துட்டுப் போங்க. என்றத ஏன் குடுத்தீங்க?"

அவர் திருப்பிக் கத்துவார் என்று பார்த்தேன். அவர் சோப்புக் கையோடு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொட்டிய உள்ள எறக்குனது நானு, பாக்கியம். மண்ணத் தள்ளுனதும் நானு. தள்ளறப்ப பொட்டி மேல விழுந்த சத்தம் இன்னும் மிஷின் ஓட்டறப்பக்கூடக் கேக்குது. இன்னொருக்கா உன்னைய அப்படி எறக்க என்னால ஆகாது புள்ள. அவரு வந்துட்டாருன்னா எறக்க வேண்டியதில்ல பாரு."

ரெண்டு வருஷமாக அவர் ஒருநாளும் பாப்பாவைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக என் இடத்தை விட்டுவிட முடியுமா? பாவம் வேறு, இடம் வேறு. நான் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். போதகர் ஐயா சொன்னாரே, நஞ்சம்மாளாகப் பார்த்து வேண்டாம் என்றால்தான் உண்டு என்று. கேட்டுவிடுவது. சாகக் கிடக்கிற மனுசியிடம் போய்க் குழியைக் கேட்கிறாளே என்று லைனே காறித் துப்பட்டும்.

மறுநாள் மத்தியானம் போனேன். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற வெள்ளையன் அப்போதுதான் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் என் கால் வேகமாகிவிட்டது. நஞ்சம்மாக்கா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். மூச்சு ஒவ்வொன்றும் எங்கேயோ மாட்டிக்கொண்டு வந்தது.

"ஒக்காரு அம்மிணி."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லவந்தது வராது என்று பயம்.

"அக்கா, எனக்கு அந்த எடம் வேணுமுங்க. என்ற ஊட்டுக்காரரு என்னையக் கேக்காமக் குடுத்துட்டாருங்க. நான் என்ற புள்ள பக்கத்துலதான் கெடக்கோணும்."

"எடுத்துக்க" என்றார்.

அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. சண்டை போடத்தான் வரிந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"வெள்ளையனக் கூப்புட்டு நானே சொல்லிப்போடறேன். என்னைய எங்கியோ ஒரு பக்கம் போடட்டும். உனக்குத்தான் அந்த எடம் வேணும்னு எனக்குத் தெரியாது அம்மிணி. நீங்க ரெண்டு பேரும் போறதுக்கு ஆயத்தமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கமிட்டிக்காரங்க எனக்குக் கெணத்தோரம் ஒரு எடம் காட்டுனாங்க. நாந்தான் வேண்டாம்னு போட்டுப் பாப்பா பக்கத்தக் கேட்டு வாங்குனேன்."

"ஏனுங்க்கா?"

"உன்ற ஊட்டுக்காரரு சர்ச்சுல சொன்னாரல்லொ, நீங்க உசுரோட மேல போயிருவீங்கன்னு. முன்னாலயோ பின்னாலயோ, அந்த வெவகாரமெல்லாம் எனக்குப் புரியாது. நீங்க இங்கிருந்து போவீங்க. பாப்பா அங்கிருந்து எந்திரிக்கோணும். அந்த நேரத்துல அது தனியாக் கெடந்து அழுவுமேன்னு எனக்கு ரோசனையாப் போச்சு. நான் பக்கத்துல கெடந்தா, எந்திரிச்சதும் மொதல்ல அதத் தூக்கிக்குவேன். நீ வந்ததும் உன்ற கைல குடுத்தர்றேன்."

நான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நான் போய்க் கேட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பிரசங்கம் செய்கிறவர்கள்.

"புது ஆளுன்னு அழுவாது, நீ பயப்படாத. சுவத்துக்கு அக்கட்டால நான் இருமுனா அது அழுகைய நிறுத்திப்போட்டுக் காது குடுத்துக் கேக்கும்னு நீதான சொல்லுவ?"

சொல்லியிருக்கிறேன். எத்தனையோ ராத்திரி அப்படி நடந்திருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பாப்பா போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்றைக்கு என்னைச் சுற்றிப் பத்துப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நஞ்சம்மாக்கா என் தலையில் கையை வைத்திருந்தார். அந்தக் கை கனமே இல்லாமல் இருந்தது.

"உங்குளுக்கே இருக்கட்டுங்க்கா" என்றேன். "நீங்களே அங்க படுத்துக்குங்க. நான் எங்கிருந்தாலும் வந்து வாங்கிக்கறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

அப்புறம், ஏதோ கூச்சப்படுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு அம்மிணி. எனக்குக் கொழந்த தூக்கிப் பழக்கமில்ல. புள்ளயில்லாதவன்னு ஆரும் என்ற கைல குடுத்ததில்ல. எப்படிப் புடிக்கோணும்னு கொஞ்சம் சொல்லிக் குடு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கொடியில் கிடந்த பழஞ்சேலையை எடுத்து, பாப்பா இருந்த அளவுக்குச் சுருட்டினேன். அவர் இடது கையை மடக்கிவிட்டு அதில் வைத்தேன்.

"கழுத்து இன்னும் நிக்கலீங்க்கா. அதனால இந்தக் கை எப்பவும் தலைக்கு அடியில இருக்கோணும். இன்னொரு கைய இடுப்புக்குக் குடுங்க. அப்படியே நெஞ்சோட சாச்சுக்குங்க."

முதலில் தலைப்பக்கம் சரிந்துவிட்டது.

"இல்லீங்க்கா. தலை, தலை. இன்னொருக்கா."

அடுத்த தடவை சரியாகப் பிடித்துக்கொண்டார்.